‘சுகமான பிறகு வாங்கோ’ என்று அனுப்பிவிடாதீர்கள்: காயப்பட்டவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கும் வழி

பரந்தன் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறீர்கள். மூட்டை தூக்குகிறவர் முதுகு பிடித்துப் படுத்துவிட்டார், இரண்டு கிழமையாக ஆளைக் காணோம். அல்லது கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையொன்றின் மனிதவளப் பிரிவில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள். மெஷினில் விரல் அகப்பட்ட பிள்ளையின் கோப்பை மேசையில் போட்டு, “இதை ஒருக்காப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பொறுப்பு முதல் தடவையாகக் கைக்கு வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வைத்தியம் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் வேலைத்தளத்துக்கும் நடுவில் ஓடித்திரிய ஒருவர் வேண்டும், அது நீங்கள்.

“நல்லாச் சுகமான பிறகு வாங்கோ” என்று நம்மவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் இருக்கும் நாள் கூடக்கூடத் திரும்பி வருகிற வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். காயம் ஆறிக்கொண்டிருக்கும்போதே வேறொன்று வளரத் தொடங்கிவிடும்: குனிந்தால் திரும்பவும் பிடிக்குமோ என்ற பயம், கடன், மனைவியின் உழைப்பில் இருக்கிற வெட்கம், இடத்துக்கு வேறு ஆள் போட்டிருப்பார்கள் என்ற எண்ணம். தசை இறுகும், நித்திரை கெடும், வலி கூடும். கிளாஸ்கோவில் எலும்பு அறுவை வைத்தியராக இருந்த கோர்டன் வாடல் 1987 இலேயே இதைச் சொன்னார்: முதுகுவலியை முதுகில் மட்டும் தேடக்கூடாது, நெடுநாள் படுக்கை ஓய்வு மருந்தல்ல. அளந்து கொடுத்த வேலையும் சிகிச்சையில் ஒரு பகுதி. உடம்புக்கான உதவியும் மனதுக்கான உதவியும் முதல் கிழமையிலிருந்தே சேர்ந்து போக வேண்டும். ‘முதலில் உடம்பு, மற்றதைப் பிறகு பார்ப்போம்’ என்று விட்டால் அந்தப் பிறகு வருவதேயில்லை.

படி 1: முதல் கிழமையிலேயே ஆள் போக வேண்டும்

தொலைபேசி போதாது. நேரில் போங்கள், அல்லது அவர் மதிக்கிற ஒருவரை அனுப்புங்கள். சூப்பர்வைசருடன் அவருக்குக் கொழுவல் இருந்ததென்றால் சூப்பர்வைசரை அனுப்பக்கூடாது. காயப்பட்டவர் பெண்ணென்றால் ஒரு பெண்ணும் கூடப் போவது நல்லது, அயல் கதைக்கும்.

போனவர் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். “அண்ணை, இப்ப எப்படி இருக்கு? கிளினிக் எப்ப? போய்வர வாகன வசதி இருக்கோ?” அதற்குப் பிறகு, “உங்கட இடம் இருக்கு, யோசிக்காதேங்கோ” என்ற ஒரு வசனம். அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். “எப்ப வருவியள்?” என்று அந்த முதல் நாளிலேயே கேட்காதீர்கள். விபத்து யார் பிழை என்ற விசாரணையையும் அந்தப் பயணத்தோடு சேர்க்கக்கூடாது. ஒரு பெட்டி பிஸ்கட்டோடு போய்க் கையெழுத்து வாங்கி வருகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நீங்கள் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

படி 2: கடதாசி வேலை

இதை வேகமாக முடித்துவிடுங்கள், ஆனால் முடிக்காமல் விடாதீர்கள். தொழிற்சாலையில் நடந்த விபத்தால் ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் வழமையான வேலையைச் செய்ய முடியாமற் போனால், 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி அறிவிக்க வேண்டும். நட்டஈடு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும். 2022 திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதற்குள் அடங்கும். ஏ9 வீதியில் விடியப்புறம் சைக்கிளில் வருகிறவர்களுக்கு இது சின்ன விடயமல்ல. நிரந்தர அங்கவீனம் என்றால் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலும் கொடுப்பனவு உண்டு.

இன்னொன்றையும் முதலாளிமார் தெரிந்திருக்க வேண்டும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ‘உடம்பு ஏலாது’ என்ற காரணத்துக்காக ஒருவரை நினைத்தபடி நிறுத்திவிட முடியாது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும்.

படிவம் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேளுங்கள். விளங்காத தாளில் ஒருவரும் கையெழுத்து வைக்கக்கூடாது. நட்டஈட்டுக் கோப்பையும் திரும்ப வேலைக்கு வரும் ஒழுங்கையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதீர்கள். ‘வேலைக்குப் போனால் நட்டஈடு குறைஞ்சிடும்’ என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்தை நீங்களே எடுத்துப் பேசித் தீர்க்க வேண்டும்.

படி 3: வைத்தியரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

“இவர் வேலைக்குப் போகலாமோ?” என்று கேட்டால் வைத்தியர் பாதுகாப்பாகத்தான் பதில் சொல்வார்: இரண்டு கிழமை மெடிக்கல். அவர் ஆலையைக் கண்டதில்லை. மூட்டை எத்தனை கிலோ, படி எத்தனை என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஒரு தாளில் வேலையை எழுதிக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், என்ன பாரம், எத்தனை தரம் குனிவது, வெயிலா நிழலா. கீழே கேள்வி: எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு தூக்கலாம், எதைக் கட்டாயம் செய்யக்கூடாது? இந்தத் தாளை நோயாளியின் சம்மதத்தோடு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நோயின் பெயரோ மருந்தின் பெயரோ உங்களுக்குத் தேவையில்லை, கேட்கவும் கூடாது.

இயன்மருத்துவம் (பிசியோதெரப்பி) கிளிநொச்சி, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் இருக்கிறது. முல்லைத்தீவுக்காரர் மாஞ்சோலை வைத்தியசாலையில் முதலில் விசாரியுங்கள். மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் 2024 இல் திறந்த மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவு, ஏ9 இல் இருப்பதால், எல்லாப் பக்கத்தாருக்கும் கிட்ட. முதல் தடவை இயன்மருத்துவரிடம் போகிறபோது சூப்பர்வைசரோ வீட்டுக்காரரோ ஒருவர் கூடப் போனால் நல்லது. பயிற்சியைக் கண்ணால் பார்த்தவர்தான் பிறகு “இப்படி இல்லை அண்ணை, முழங்காலை மடிச்சு” என்று சொல்வார்.

பலர் முதலில் முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் எண்ணெய்க் கட்டுப் போட்டிருப்பார்கள். அதைப் பழித்துப் பேசினால் ஆள் உங்களிடம் உண்மை சொல்வதை நிறுத்திவிடுவார். கட்டு எத்தனை நாள், கீழே விரல் மரத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் காலில் பலம் குறைவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, அல்லது போகாமல் நிற்பது, தொடையிடுக்கு மரத்துப்போவது, முதுகுவலியோடு காய்ச்சல், இவற்றில் ஏதாவது இருந்தால் எண்ணெயும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், உடனே வைத்தியசாலை, 1990 அம்புலன்ஸ்.

படி 4: வேலையைத் துண்டு துண்டாக உடையுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் ‘இலேசான வேலை கொடு’ என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். இலேசான வேலை என்று கேற்றடியில் கதிரை போட்டு இருத்திவிட்டால், நாள் முழுக்க இருந்து முதுகு இன்னும் இறுகும். போகிறவன் வருகிறவன் எல்லாம் “என்ன, ராசா மாதிரி இருக்கிறியள்” என்பான்.

ஆலையில் மூட்டை வேலையை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வேலை. அரைநாள் பக்கத்தில் நின்று பார்த்தால் எட்டொன்பது வேலை: லொறியில் ஏறி மூட்டையை விளிம்புக்கு இழுப்பது, தோளில் ஏற்றுவது, சுமந்து நடப்பது, அடுக்கில் எறிவது, வாய் தைப்பது, நிறுப்பது, காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறுவது, கூட்டி அள்ளுவது, கணக்குப் போடுவது. 50 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டை முதுகைப் பிடிக்கிற இடம் சுமந்து நடக்கும்போதல்ல. நிலத்திலிருந்து எடுக்கும் கணமும், உடம்பைத் திருப்பி எறியும் கணமும்தான். ஆகவே முதுகு நொந்தவருக்கு நிறுப்பதும் தைப்பதும் கிளறுவதும் கலந்து கொடுக்கலாம்: அரைமணி நின்று, கொஞ்சம் நடந்து, கொஞ்சம் இருந்து. மூட்டையை நிலத்தில் வைக்காமல் இடுப்பளவு பலகை மேடையில் வைத்தால் சில கிழமையில் தூக்குவதையும் திரும்பத் தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2001 இல் வெளியிட்ட வகைப்பாடு, இயலாமை உடம்பில் மட்டும் இல்லை, ஆள் நிற்கிற சூழலிலும் இருக்கிறது என்கிறது. ஆலைக்காரருக்கு அதன் பொருள் நாலு பலகையும் ஒரு தச்சனின் அரைநாட் கூலியும்தான்.

தையல் லைனில் இதே மாதிரி. விரல் காயப்பட்ட பிள்ளையைத் தரம் பார்க்கும் மேசைக்கு மாற்றுவது வழக்கம், நல்லதுதான். ஆனால் அங்கேயே விட்டுவிட்டால் மெஷின் பயம் தங்கிவிடும். ஒரு கிழமை போனதும், லைன் ஓடாத நேரத்தில், மெஷினை நிறுத்தி வைத்து நூல் கோர்க்கச் சொல்லலாம். பிறகு தேவையில்லாத துணியில் நேர்த்தையல். பிறகு டார்கெட் இல்லாமல் அரைமணி. ஊசிக் காப்பு சரியாக இருக்கிறதென்று அந்தப் பிள்ளையே பார்த்துத் தொட்டு உறுதிப்படுத்தட்டும். பயத்துக்கு ‘பயப்படாதே’ மருந்தல்ல.

கண்ணிவெடி அகற்றுவோரிடம் மட்டும் இந்தக் கணக்கு வேறு. அங்கே பயம் ஒரு பாதுகாப்பு. காயப்பட்டவர் முதலில் களஞ்சியத்திலும் பயிற்சிக் காணியிலும் நின்று, முழங்காலில் முகக்கவசத்தோடு வெயிலில் இருக்கும் நேரத்தை மெல்லக் கூட்டி, தானே “சரி” என்று சொன்ன பிறகுதான் உண்மையான காணிக்குப் போக வேண்டும்.

படி 5: மனதைப் பார்ப்பது

வலிப் பயத்தை முதலில் கண்டுபிடியுங்கள். குனியும்போது மூச்சைப் பிடிக்கிறார். இடுப்புப் பட்டியை நித்திரையிலும் கழற்றுவதில்லை. “முள்ளந்தண்டு தேஞ்சு போச்சாம், இனி அவ்வளவுதான்” என்கிறார். எக்ஸ்ரே, ஸ்கான் படத்தில் தேய்வோ முள்ளந்தண்டுத் தட்டுப் பிதுக்கமோ தெரிவது வலியே இல்லாத ஆட்களிலும் சாதாரணம் என்பதை இயன்மருத்துவரைக் கொண்டு அவருக்கு ஆறுதலாக விளங்கப்படுத்துங்கள். சாதாரண முதுகுப்பிடிப்பு பெரும்பாலும் ஆறு கிழமைக்குள் நன்றாகக் குறைந்துவிடும். வலி என்றால் உள்ளே பழுதாகிறது என்றே அர்த்தமில்லை என்று அவருக்கு விளங்கினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது வன்னிக்கே உரியது. இங்கே வேலை செய்கிறவர்களில் எத்தனையோ பேரின் உடம்பில் 2009 இன் செல்துண்டு இன்னும் இருக்கிறது. புதுக் காயம் பழையதைக் கிளறும். கையில் மெஷின் அடித்தவருக்கு இரவில் முள்ளிவாய்க்கால் கனவாக வரும். ஆலைப் பெல்ட் அறுந்து அடிக்கிற சத்தத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வெளியே ஓடுவார். சூப்பர்வைசர் இதை நடிப்பு என்று எழுதி வைப்பார். நீங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்: ஜெனரேற்றர் போடுமுன் சொல்லிவிட்டுப் போடுவது, வாசலைப் பார்த்த இடம் கொடுப்பது, ஓடினால் பின்னால் துரத்தாமல் ஒரு ஆள் தண்ணியோடு போய்ப் பக்கத்தில் நிற்பது. மே நடுப்பகுதி வரும் கிழமையில் வேலை நேரத்தைக் கூட்டும் திட்டம் எதையும் போடாதீர்கள். விடுமுறை கேட்டால் காரணம் கேட்காமல் கொடுங்கள்.

‘என்ன நடந்தது, எல்லாத்தையும் கொட்டுங்கோ’ என்று இருத்திவைத்துக் கேட்பது உதவியல்ல. சிலருக்குக் கெடுதலே செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளமுதலுதவி வழிகாட்டி மூன்று செயலைத்தான் கேட்கிறது: பார், கேள், இணை. அவராகச் சொன்னால் கேளுங்கள். மற்றதை அதற்குப் படித்தவர்களிடம் விடுங்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மாவட்ட வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவுக்குப் போனால் ‘விசர்’ என்று ஊர் பேர் வைக்கும் என்ற பயம் உண்மையானது. அதனால் இயன்மருத்துவக் கிளினிக் நாளோடு சேர்த்தே அதையும் போட்டுக் கொடுத்தால் ஒரே துண்டு, ஒரே பயணம். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. விடுமுறைப் புத்தகத்தில் ‘கிளினிக்’ என்று மட்டும் எழுதுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, ஒன்றிலும் மனமில்லை, கசிப்போ சாராயமோ கூடிவிட்டது என்றால் தள்ளிப்போடாதீர்கள். “நான் இருந்து என்ன பிரயோசனம்” என்கிற மாதிரிக் கதை வந்தால் நேராகவே கேளுங்கள்: “அண்ணை, உயிரை விடுற யோசனை வருதோ?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தேசிய உளநல உதவித் தொலைபேசி 1926 எந்த நேரமும் இயங்குகிறது. வீட்டிலும் களஞ்சியத்திலும் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறு ஒருவரிடம் கொடுங்கள்.

படி 6: கிழமைக் கணக்காக ஒரு திட்டம்

ஒரு தாள் போதும். தொழிலாளர், சூப்பர்வைசர், நீங்கள், முடிந்தால் இயன்மருத்துவர், எல்லோரும் பார்த்துக் கையெழுத்திட்டது. முதுகுக்காரருக்கு உதாரணமாக:

முதல் கிழமை: மூன்று நாள், அரைநாள் வீதம். மூட்டை நிறுப்பது, வாய் தைப்பது மட்டும்.
இரண்டாம், மூன்றாம் கிழமை: ஐந்து நாள் அரைநாள். நெல் கிளறலும் சேரும்.
நாலாம் கிழமை: முழுநாள், நடுவில் இரண்டு தரம் பத்து நிமிடப் பயிற்சி. இடுப்பு மேடையிலிருந்து அரை மூட்டை.
பிறகு பார்த்துக் கூட்டுவது.

அளவை வலி சொல்லக்கூடாது, தாள் சொல்ல வேண்டும். நல்ல நாளில் ‘இண்டைக்குச் சுகமாக் கிடக்கு’ என்று முழு லொறியையும் இறக்கிவிட்டு அடுத்த மூன்று நாளும் படுப்பதுதான் நம்மவர்களின் பெரிய வியாதி. அதனால் அவரால் முடிந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத் தொடங்கி, நல்ல நாளிலும் அதைத் தாண்டவிடாமல், கெட்ட நாளிலும் முழுதாக விடாமல் கொண்டுபோங்கள். வேலைக்குப் பிறகு வலி கொஞ்சம் கூடி மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. காலையிலும் கூடியே இருந்தால் ஒரு படி இறக்குங்கள்.

இனிக் காசு. அரைநாளுக்கு அரைக்கூலி என்றால் எந்தக் குடும்பத் தலைவியும் உங்கள் திட்டத்துக்கு வரமாட்டார். ஒன்று முழுநாளும் வலியைக் கடித்துக்கொண்டு நிற்பார், அல்லது வரவே மாட்டார். குறைந்தது முதல் மாதத்துக்காவது முழுச் சம்பளத்தை முதலாளியிடம் வாதாடி வாங்குங்கள். பழகிய ஆளை இழந்து புதியவரைப் பழக்க எவ்வளவு போகும் என்ற கணக்கைக் காட்டினால் பலர் இறங்கி வருவார்கள். ஆடைத் தொழிற்சாலையில் வரவுக் கொடுப்பனவு என்ற ஒன்று இருக்கிறது. ஒரு கிளினிக் நாள் போனால் அது வெட்டுப்படும், அதற்குப் பயந்து கிளினிக்கை விடுவார்கள். கிளினிக் நாளை வரவாகக் கணக்கிடும்படி எழுத்தில் வாங்கிவிடுங்கள். டார்கெட்டும் அந்தக் காலத்துக்கு அவருக்கு இல்லை என்று லைனில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் லைன் போனஸ் அவராலேதான் போகிறது என்று பக்கத்து மெஷின்காரியே குத்திக்காட்டுவார்.

பொய்க்கால் போட்டவருக்கு

கால் இழந்தவர்களைத் தனியாகச் சொல்லக் காரணம் எங்கள் வெயில். பொய்க்காலின் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கித் தோல் ஊறும், உரசும், புண்ணாகும். மத்தியானத்துக்கு ஒரு தரமாவது கழற்றித் துடைத்து, காய்ந்த காலுறை மாற்ற ஒரு மறைவான இடமும் கதிரையும் தண்ணீரும் வேண்டும். கழிவறைக்குள் ஒற்றைக்காலில் நின்று அதைச் செய்யவிடாதீர்கள். நாள் போகப்போக, வெட்டிய காலின் முனை கொஞ்சம் சுருங்கும். கிண்ணம் ஆடத் தொடங்கினால் காலுறை ஒன்று கூடப் போட வேண்டும். கழற்றியதும் தோலில் தெரியும் சிவப்பு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டால் அன்றைக்குத் திரும்பப் போடக்கூடாது, கிண்ணத்தைத் திருத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்துக்கு முல்லைத்தீவிலிருந்து போய்வர ஒரு முழுநாள் போகும்; அதற்கு விடுமுறையை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

பின்னடைவும், பழைய வேலை ஏலாத நிலையும்

காலபோக அறுவடை முடிந்து ஆலையில் நெல் குவிகிற மாசி, பங்குனியில் திட்டத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அந்த மாதங்களுக்கு முன்பே கூலிக்கு ஒரு ஆளைப் பேசி வையுங்கள். திரும்பப் பிடித்துவிட்டால் முதலாம் கிழமைக்கு இறக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் ஒரு படி கீழே நின்று திரும்ப ஏறலாம். இப்படி ஒரு நாள் வரும் என்று திட்டம் போடும்போதே அவருக்குச் சொல்லி வைத்தால் அவர் உடைந்துபோகமாட்டார். மூன்று மாதம் கழித்தும் ஒரு தரம் இருந்து கதையுங்கள். வேலைக்கு வந்துவிட்டார் என்று கோப்பை மூடுகிற நேரத்தில்தான் பலர் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள்.

பழைய வேலை இனி முடியாது என்று வைத்தியரும் அவரும் ஒத்துக்கொண்டால் அந்தப் பேச்சை இழுத்தடிக்க வேண்டாம். முதலில் அதே இடத்தில் வேறு வேலை: நிறுவைத் தராசு, களஞ்சியக் கணக்கு, மெஷின் பராமரிப்பு. படிக்கக்கூடிய இளம் ஆளென்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் தொழில்நுட்பப் பாடநெறிகள் இருக்கின்றன. அரச வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கு, வெற்றிடங்களில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற 1988 சுற்றறிக்கையைக் காட்டுங்கள். வைத்தியச் சான்றிதழையும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரின் கடிதத்தையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவர் வீட்டிலும் ஒன்றை உங்கள் கோப்பிலும் வையுங்கள்.